வெந்நீர் வராத இரவின் விலை: குறுகிய காலத் தங்குவீடுகளில் சாதனப் பழுதும் கட்டணக் குறைப்பும்

சில நாள்களுக்கோ சில வாரங்களுக்கோ கட்டணம் பெற்றுக்கொண்டு வீட்டையோ அறையையோ விடுகிறவர், கூரையோடும் கட்டிலோடும் சேர்த்து, குழாயைத் திருகினால் வரும் வெந்நீரையும் இரவெல்லாம் ஓடும் ஏசியையும் பாலும் மருந்தும் கெடாமல் காக்கும் ஃபிரிட்ஜையும் விலைக்குத் தருகிறார். அவற்றுள் ஒன்று இடையில் நின்றுபோனால் விருந்தினருக்கு என்ன கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும், யாருடைய தவறும் இல்லாதபோதும் கொடுக்க வேண்டுமா என்ற கேள்விகள் தொகையளவில் சிறியவை. பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்கும் சில ஆயிரம் ரூபாய்க்கும் இடையில் முடிந்துவிடுபவை. ஆயினும் இந்தச் சிறு தொகைக்குள் இரண்டு வெவ்வேறு உரிமைகள் பின்னிக் கிடக்கின்றன. பணம் கொடுத்து வாங்கியவற்றுள் ஒரு பகுதி வந்து சேராததால் அப்பகுதிக்குரிய விலையைத் திரும்பப் பெறுவது ஒன்று. இதைக் கட்டணக் குறைப்பு எனலாம். அந்தக் குறையால் உடலுக்கோ உடைமைக்கோ மனத்துக்கோ நேர்ந்த நட்டத்துக்கு ஈடு பெறுவது மற்றொன்று; இது இழப்பீடு. முதலாவதற்கு உரிமையாளர் தவறு செய்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது பெரும்பாலும் அவருடைய பொறுப்பை நிறுவினால்தான் கிடைக்கும். இவற்றைப் பிரித்துப் பார்க்கும் சட்டமுறைகளில் இத்தகைய பூசல் ஒரு கணக்காக முடிகிறது; பிரிக்காத இடங்களில் அது யார் குற்றவாளி என்ற வழக்காக வளர்கிறது.

வழக்கமான வாக்குவாதத்தைக் கவனித்தாலே இந்தக் குழப்பம் விளங்கும். போன வருஷம்தான் புது கீசர் மாட்டியதாகவும், வோல்டேஜ் ஏறி இறங்கியதற்குத் தாம் என்ன செய்ய முடியும் என்றும் உரிமையாளர் கேட்கிறார். வெந்நீர் உண்டு என்று சொல்லித்தானே காசு வாங்கினீர்கள் என்று விருந்தினர் கேட்கிறார். முன்னவர் பேசுவது தவறின்மை பற்றி, பின்னவர் பேசுவது விலை பற்றி. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கக்கூடும் என்பதால்தான் பேச்சு முடிவதில்லை.

பழுதான வாடகை இடத்துக்கு முழு வாடகை தர வேண்டுமா என்ற ஐயம் ரோமானியச் சட்ட அறிஞர்களிடமே எழுந்துவிட்டது. 6-ஆம் நூற்றாண்டில் யுஸ்தீனியன் பேரரசர் தொகுப்பித்த டைஜெஸ்ட் என்னும் சட்டத்திரட்டின் 19-ஆம் நூலில் வாடகை, குத்தகை பற்றிய பகுதி உள்ளது. அதில், கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஆல்ஃபெனுஸ் வாருஸ் என்ற சட்ட அறிஞரின் கருத்து ஒன்று எடுத்தாளப்படுகிறது. மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதியைப் பயன்படுத்துவதில் சிறிதளவு வசதி குறைந்தது என்பதற்காகவே குடியிருப்பவர் உடனே வாடகையில் பிடித்தம் செய்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். மறுத்துச் சொல்வது போலத் தோன்றும் இந்த விதி, வசதிக் குறைவு சிறிதளவைத் தாண்டினால் பிடித்தம் செய்யலாம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறது. அதாவது கேள்வி அன்றே உரிமையாளரின் நடத்தையை விட்டு விலகி, பயன்பாடு எவ்வளவு குறைந்தது என்ற அளவைக்கு வந்துவிட்டது.

இந்த மரபின் நேர் வாரிசு 1900 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள ஜெர்மானிய உரிமையியல் சட்டத் தொகுப்பு. அதன் 536-ஆம் பிரிவின்படி, வாடகை இடத்தின் பயன்பாட்டைக் கெடுக்கும் குறை இருக்கும் காலமெல்லாம் வாடகை தானாகவே குறைந்துவிடுகிறது. குடியிருப்பவர் வழக்குப் போட்டுக் குறைக்க வேண்டியதில்லை, உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று காட்ட வேண்டியதுமில்லை. அற்பமான குறைகள் கணக்கில் வாரா என்று அதே பிரிவு சொல்வதில் ஆல்ஃபெனுஸின் குரல் கேட்கிறது. தவறு, தாமதம் ஆகியவற்றைச் சார்ந்த இழப்பீடு 536அ என்ற அடுத்த பிரிவில் தனியே வைக்கப்பட்டிருக்கிறது. விலை ஒரு பிரிவிலும் பழி வேறொரு பிரிவிலும் இருப்பதால், ஒன்றைப் பற்றிய விவாதம் மற்றொன்றை முடக்குவதில்லை.

ஆனால் வாடகை குறையும் என்று சொல்லிவிட்டால் போதாது, எவ்வளவு குறையும் என்றும் சொல்ல வேண்டும். விடுமுறைப் பயணங்களைப் பொறுத்தவரை இதற்கு விடை தேடிய மிகத் துணிவான முயற்சி ஃபிராங்க்ஃபர்ட் மாநில நீதிமன்றத்தில் நடந்தது. 1979-இல் ஜெர்மனியில் பயண ஒப்பந்தங்களுக்கென்று தனிச் சட்ட விதிகள் வந்தபின், வெந்நீர் இல்லை, ஏசி இல்லை, இரவில் சத்தம், அறையில் பூச்சி என்று முறையீடுகள் குவிந்தன; ஒரே வகைக் குறைக்கு வெவ்வேறு நீதிபதிகள் வெவ்வேறு தொகை தந்துகொண்டிருந்தனர். அந்நீதிமன்றத்தின் 24-ஆம் உரிமையியல் அமர்வு, தன் தீர்ப்புகளில் பின்பற்றிய விகிதங்களை ஒரு பட்டியலாக்கி 1985-இல் சட்ட வார இதழ் ஒன்றில் வெளியிட்டது. ஃபிராங்க்ஃபர்ட் பட்டியல் என்று அறியப்படும் அதில், வெந்நீர்க் கொதிகலனோ குளியலறையோ இயங்காவிட்டால் 15 விழுக்காடு, கழிப்பறைக்கும் 15, தண்ணீர் வராவிட்டால் 10, மின்சாரமோ எரிவாயுவோ நின்றுபோனால் 10 முதல் 20 என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஏசிக்கு 10 முதல் 20. அந்த வரம்புக்குள் எங்கே நிற்பது என்பதைப் பருவம் முடிவு செய்யும். மின்தூக்கிக்கு 5 முதல் 10. அதை முடிவு செய்வது அறை எந்த மாடியில் இருக்கிறது என்பது.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது விழுக்காடுகளைவிட அவற்றின் அருகிலிருக்கும் இத்தகைய குறிப்புகளைத்தான். ஏசி என்ற கருவிக்கு நிலையான மதிப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை. மே மாதத்து ஏசிக்கும் டிசம்பர் மாதத்து ஏசிக்கும் வெவ்வேறு மதிப்பு. முதல் மாடியில் இருப்பவருக்கு மின்தூக்கி நின்றது ஒரு சிறு எரிச்சல், எட்டாம் மாடிக்காரருக்கு அது அன்றாடத் தண்டனை. கருவியின் சந்தை விலையோ பழுதுபார்க்கும் செலவோ பட்டியலில் எங்குமே இடம்பெறவில்லை. 300 ரூபாய் தெர்மோஸ்டாட் எரிந்துபோனதற்கு 3,000 ரூபாய் கேட்கிறார்களே என்று அங்கலாய்க்கும் உரிமையாளருக்கு இந்த முறை தரும் பதில் எளிது: எரிந்துபோனது தெர்மோஸ்டாட், விருந்தினர் வாங்கியது குளியல்.

பட்டியல் எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தும் சட்டம் அன்று. அதைக் கண்மூடி வேறிடத்துக்குப் பெயர்த்தால் ஒரு பிழையும் நேரும். அதன் விழுக்காடுகள் விமானக் கட்டணம், உணவு எல்லாம் அடங்கிய மொத்தப் பயண விலையின்மீது கணக்கிடப்படுபவை. குறை எத்தனை நாள் நீடித்ததோ அத்தனை நாளுக்குரிய பங்கின்மீது. வெறும் அறை வாடகையின்மீது அதே 15 விழுக்காட்டைப் போட்டால் கிடைக்கும் தொகை, பட்டியலை வகுத்தவர்கள் கருதியதைவிட மிகச் சிறியதாகிவிடும். தனி வீட்டு வாடகைக்கு அதைப் பயன்படுத்த விரும்புகிறவர் விகிதத்தை உயர்த்தித்தான் ஆக வேண்டும். ஜெர்மனியிலேயே 2018 ஜூலை முதல், பயண ஏற்பாட்டாளர் தனியாக வாடகைக்கு விடும் விடுமுறை வீடு பயணச் சட்டத்திலிருந்து விலகிப் பொதுவான வாடகைச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அங்கே மேற்சொன்ன 536-ஆம் பிரிவுதான் ஆள்கிறது.

தவறு இல்லாதபோதும் விலை குறையுமா என்ற கேள்வி கொரோனா காலத்தில் மிகக் கூர்மையான வடிவில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தை அடைந்தது. 2020 மார்ச் 13 முதல் இரண்டு வாரங்களுக்கு கிரான் கனாரியா தீவுக்குச் சென்ற இரு ஜெர்மானியப் பயணிகள், இரண்டு நாள்களில் கடற்கரை மூடப்பட்டு, நீச்சல் குளமும் தடைபட்டு, அறைக்குள் அடைந்து, ஏழாம் நாளில் திருப்பி அனுப்பப்பட்டனர். விலையில் 70 விழுக்காட்டைக் குறைக்கக் கோரிய அவர்களுக்கு, உலகமே முடங்கியதற்குத் தாங்கள் எப்படிப் பொறுப்பு என்று பயண நிறுவனம் பதில் சொன்னது. 2023 ஜனவரி 12-இல் வந்த தீர்ப்பு அந்தப் பதிலை ஏற்கவில்லை. பேசியபடி சேவை கிடைத்ததா இல்லையா என்பது மட்டுமே விலைக் குறைப்புக்கு உரிய அளவுகோல். கிடைக்காமற்போன காரணம் யாரிடம் இருந்தது என்பது இழப்பீட்டுக்குரிய கேள்வி என்று நீதிமன்றம் பிரித்தது. பெருந்தொற்றுக்கே இது பொருந்துமானால் மின்வாரியத்தின் வோல்டேஜுக்குப் பொருந்தாமல் போக நியாயமில்லை.

ஆங்கிலேயச் சட்டம் இதே இடத்துக்கு வேறு வழியாக, சற்றுத் தடுமாறி வந்து சேர்ந்தது. ஒப்பந்த மீறலுக்காக மனவருத்தத்துக்கு ஈடு தருவதில்லை என்பது அங்கே நீண்டகால நிலைப்பாடு. ஜார்விஸ் எதிர் ஸ்வான்ஸ் டூர்ஸ் என்ற வழக்கில், 63 பவுண்டு 45 பென்ஸ் கொடுத்து சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறைக்குச் சென்றவர், விளம்பரத்தில் கண்ட கலகலப்பான கூட்டத்தை முதல் வாரத்தில் பதின்மூன்று பேராகவும் இரண்டாம் வாரத்தில் தாம் ஒருவராகவும் கண்டார். கீழமை நீதிமன்றம் செலுத்திய விலையில் பாதியைத் தந்தது. டென்னிங் பிரபு அங்கம் வகித்த மேல்முறையீட்டு நீதிமன்றம் 125 பவுண்டு, அதாவது செலுத்தியதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தந்தது. மகிழ்ச்சியே விற்பனைப் பொருளாக இருக்கும் ஒப்பந்தத்தில் மகிழ்ச்சியின் இழப்பும் மதிப்பிடத்தக்க நட்டம் என்பது அதன் அடிப்படை. 1975-இன் ஜாக்சன் வழக்கு இலங்கையோடு தொடர்புடையது: குடும்பத்தோடு நான்கு வார விடுமுறைக்கு 1,200 பவுண்டு செலுத்தி அங்கே சென்றவர், பிள்ளைகளின் அறைச் சுவரில் பூஞ்சை படர்ந்திருப்பதையும் சொன்ன வசதிகள் பல இல்லாதிருப்பதையும் கண்டார். அவருக்குக் கிடைத்த 1,100 பவுண்டு, அவருடைய ஏமாற்றத்தோடு மனைவி மக்களின் ஏமாற்றத்தையும் கருதியது என்பதே அந்த வழக்கின் புகழுக்கும், அதன்மேல் பின்னாளில் எழுந்த விமரிசனத்துக்கும் காரணம். ஆங்கிலேய முறை விருந்தினரிடம் தாராளமாக நடந்துகொள்கிறது என்று தோன்றலாம். ஆனால் கணிக்க இயலாத தன்மையை அது விலையாகக் கேட்கிறது. கீசர் நின்றுபோன இரவில் இரு தரப்பும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க டென்னிங் பிரபுவின் மொழியைவிட ஃபிராங்க்ஃபர்ட்டின் வறண்ட பட்டியலே உதவும்.

இந்தியச் சட்டத்தில் முதலில் தீர்க்க வேண்டியது, தங்குபவர் குடித்தனக்காரரா விருந்தினரா என்பது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 105-ஆம் பிரிவில் குத்தகையை வரையறுக்கிறது. அது சொத்தை அனுபவிக்கும் உரிமையையே குறிப்பிட்ட காலத்துக்கு மாற்றிக் கொடுப்பது. அதே ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் வரையறுக்கும் உரிமம் என்பது, பிறர் இடத்தில் ஒன்றைச் செய்ய விடப்படும் அனுமதி மட்டுமே. டெல்லியின் இம்பீரியல் ஹோட்டலில் முடிதிருத்தகம் நடத்த விடப்பட்ட அறைகள் பற்றிய அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் கபூர் வழக்கில், 1959-இல் உச்ச நீதிமன்றம் இவ்விரண்டையும் பிரித்தறியும் சோதனைகளை விளக்கியது: ஆவணத்தின் பெயரை விட்டு அதன் உட்பொருளையும், இரு தரப்பின் நோக்கத்தையும், தனியுரிமையுள்ள கைவசத்தையும் பார்க்க வேண்டும். மூன்று நாளுக்கு ஊட்டியில் ஒரு காட்டேஜ் எடுப்பவர், சாவியைக் கையில் வைத்திருந்தாலும், பெரும்பாலும் உரிமம் பெற்றவர்தான்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பராமரிப்பு வேலைகளை இரு தரப்புக்கும் பங்கிடுகிறது. கட்டட அமைப்புப் பழுது, சுவர்ப்பூச்சு, குழாய் மாற்றம், பெரிய மின் வயரிங் ஆகியவை உரிமையாளருடையவை. குழாய் வாஷர், வடிகால் சுத்தம், சுவிட்சு, சாக்கெட் ஆகியவற்றோடு கீசர் பழுதும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், குடித்தனக்காரருடைய பொறுப்பு. விடுதிகளும் சத்திரங்களும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஆக, பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் தன் கைக்காசில் சரிசெய்ய வேண்டிய அதே கீசரை, அடுத்த வீட்டில் மூன்று நாள் தங்குகிறவருக்காக உரிமையாளர் சரிசெய்து தர வேண்டும். முரண்போலத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு: ஆண்டுக்கணக்கில் கருவியைப் பயன்படுத்துகிறவருக்கு அதைப் பேணவும் எலக்ட்ரீஷியனைத் தேடவும் அவகாசம் இருக்கிறது, மூன்று நாள் விருந்தினருக்கு ஊரில் ஒருவரையும் தெரியாது. வேலை நிமித்தம் இரண்டு மூன்று மாதங்களுக்கு எடுக்கப்படும் சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகள் இவற்றுக்கு நடுவில் சிக்கிக்கொள்கின்றன. அங்கே எழுதப்பட்ட ஒப்பந்தமே கதி.

விருந்தினரின் பாதுகாப்பு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. சேவை என்பதற்கு அது தரும் வரையறையில் உணவும் உறைவிடமும் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டுள்ளன. சேவைக் குறைபாடு என்பது, சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ காக்கப்பட வேண்டிய தரத்திலும் செயல்முறையிலும் காணப்படும் எந்தக் குறையையும் குறிக்கிறது. உரிமையாளரின் மனநிலையை அந்த வரையறை நிபந்தனையாக்கவில்லை. ஆனால் 1999-இல் தீர்ப்பளிக்கப்பட்ட ரவ்னீத் சிங் பக்கா எதிர் கே.எல்.எம். வழக்கில், குறைபாட்டை மெய்ப்பிக்கும் சுமை முறையிட்டவர் மேலேயே என்றும், நல்லெண்ணத்தோடு நடந்துகொண்ட நிறுவனத்திடம் வேண்டுமென்றே செய்த தவறு காணப்படவில்லை என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது, தவறு பற்றிய விவாதத்துக்குக் கதவைத் திறந்து வைத்தது. மறுபுறம், 1993-இன் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் மன உளைச்சலுக்கும் அலைக்கழிப்புக்கும் ஈடு தரலாம் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருப்பதால், விருந்தினர் தரப்பு விலைக் கணக்கை விட்டுவிட்டு மன உளைச்சலுக்கு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று கேட்கத் தொடங்குகிறது. இரண்டு போக்குகளும் சேர்ந்து, சிறு தொகையில் முடிய வேண்டியதைக் குற்ற விசாரணையாக்கிவிடுகின்றன.

இதற்கு மாற்று அதே சட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது என்பதுதான் வியப்பு. நுகர்வோர் ஆணையம் பிறப்பிக்கக்கூடிய கட்டளைகளை 39-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. செலுத்திய விலையை அல்லது கட்டணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொல்வது அவற்றுள் ஒன்று. அதில் கவனக்குறைவு என்ற நிபந்தனை இல்லை. எதிர்த்தரப்பின் கவனக்குறைவால் ஏற்பட்ட நட்டத்துக்கு இழப்பீடு தரச் சொல்வது அடுத்த கூறு. அங்கேதான் அந்தச் சொல் வருகிறது. ஜெர்மானியத் தொகுப்பு 536, 536அ என்று பிரித்து வைத்ததை இந்தியச் சட்டம் ஒரே பிரிவின் அடுத்தடுத்த இரு கூறுகளாக வைத்திருக்கிறது. விகிதாசாரமாகத் திருப்பித் தருவது பற்றி வெளிப்படையாக ஒரு வரி இல்லை என்பது உண்மை. எனினும் முழுக் கட்டணத்தையும் திருப்பச் சொல்ல அதிகாரம் பெற்ற ஆணையம் அதில் ஒரு பங்கைத் திருப்பச் சொல்வதற்குத் தடையாக எதுவும் எழுதப்படவில்லை.

இழப்பீடு எங்கே தொடங்குகிறது என்பதை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவில் வகுக்கிறது. மீறலிலிருந்து இயல்பாக விளையும் நட்டமும், மீறினால் விளையும் என்று ஒப்பந்த வேளையிலேயே இரு தரப்பும் அறிந்திருந்த நட்டமும் பெறத்தக்கவை. தொலைவான, மறைமுகமான நட்டம் பெறத்தக்கதன்று. வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகின்றன. அத்தகைய அறையின் ஃபிரிட்ஜ் இரவில் நின்றுபோய், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய இன்சுலின் கெட்டுப்போனால், அந்த மருந்தின் விலையை யார் ஏற்பது? சர்க்கரை நோயாளிக்கு மருந்து வைக்க ஃபிரிட்ஜ் வேண்டும் என்று அறை எடுக்கும்போதே சொல்லியிருந்தால் விடை ஒன்று; சொல்லாமல் வைத்திருந்தால் விடை வேறாகலாம். நோயாளிகளுக்கென்றே விளம்பரம் செய்யும் விடுதி, அது எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு இடம் குறைவு. இரவு பத்து மணிக்கே ஃபிரிட்ஜ் நின்றதைக் கண்ட விருந்தினர், கீழே வரவேற்பறையிலுள்ள ஃபிரிட்ஜில் மருந்தை வைக்கச் சொல்லிக் கேட்காமல் விடியும்வரை இருந்துவிட்டால் அதுவும் கணக்கில் வரும். குறையைச் சமாளிக்கக் கைவசம் இருந்த வழிகளைக் கருத வேண்டும் என்று 73-ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது.

கட்டணக் குறைப்பை எண்ணளவில் காண ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். ஊட்டியில் டிசம்பர் மாதம், நாள் ஒன்றுக்கு 6,000 ரூபாய் வீதம் மூன்று நாளுக்கு 18,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்ட காட்டேஜில் இரண்டாம் நாள் காலையில் கீசர் நின்று, கடைசிவரை சரியாகவில்லை என்று கொள்வோம். ஃபிராங்க்ஃபர்ட் விகிதத்தை அப்படியே போட்டால் இரண்டு நாளுக்கு 1,800 ரூபாய். சந்தை மதிப்பின் வித்தியாசத்தைக் கொண்டு அளந்தால் வேறு எண் வரும்: வெந்நீர் கிடையாது என்று சொல்லியே விடப்படும் காட்டேஜை அந்தக் குளிரில் யார் எடுப்பார்கள்? பாதி வாடகைக்கு ஒருவர் எடுப்பார் என்றால் குறைப்பு 6,000 ரூபாய். மாற்று ஏற்பாட்டைக் கொண்டு அளந்தால், காவலாளி விறகடுப்பில் காய்ச்சி வாளியில் கொண்டுவந்து வைத்த வெந்நீர் குறையின் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டது எனக் கருதி, சில நூறு ரூபாயில் நிற்கலாம். இதே கீசர் மே மாதத்து மதுரையில் நின்றால் மூன்று முறைகளிலும் விடை ஏறத்தாழச் சுழியம். சந்தை வித்தியாசமே கோட்பாட்டளவில் மிகச் சரியான முறை. நடைமுறையில் நிறுவக் கடினமான முறையும் அதுவே. ஆகவே பருவத்துக்கேற்ப 15 முதல் 40 விழுக்காடு என்று முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே மலைவாசத் தலங்களுக்குப் பொருந்தும் என்று சொல்லத் தோன்றுகிறது.

பழுது என்பதன் எல்லையும் அவ்வளவு தெளிவானதன்று. 2 கிலோவாட் சூடேற்றி கொண்ட 15 லிட்டர் கீசர், 28 டிகிரியிலுள்ள சமவெளித் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒன்பது நிமிடம் எடுக்கும். 12 டிகிரியிலுள்ள மலைத் தண்ணீருக்கு அதே கருவிக்குப் பதினேழு நிமிடம் வேண்டும். காலை எட்டு மணிக்கு ஊர் சுற்றப் புறப்பட வேண்டிய ஆறு பேர் வரிசையில் நின்றால் மூன்றாமவருக்கே வெதுவெதுப்புதான் மிஞ்சும். கருவி சரியாக இயங்குகிறது. ஆறு பேருக்கு வசதி என்று சொல்லி விட்ட வீட்டுக்கு அது போதாது. இது பழுதன்று, ஆனால் குறைபாடு. கட்டணக் குறைப்புக்கு இரண்டும் ஒன்றே. வேறொரு நுணுக்கமும் உண்டு. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வெப்பத் தடுப்பான் கீசரின் அடி மூடிக்குள் இருக்கிறது. உப்புநீரால் சூடேற்றிக் கம்பியில் படியும் காரை, தெர்மோஸ்டாட் கோளாறு முதலியவற்றால் அது விழுந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்தி மூடியைத் திறந்து ஒரு சிறு பொத்தானை அமுக்கினாலே கீசர் மீண்டும் உயிர்பெறக்கூடும். எம்.சி.பி. விழுந்ததற்கும் கீசர் எரிந்ததற்கும் விருந்தினருக்கு வேறுபாடு தெரியாது. இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியை எடுக்கும் காவலாளிக்குத் தெரிந்தாக வேண்டும். குளியலறைக்குள் பொருத்தப்பட்ட கேஸ் கீசரில் கோளாறு என்றால் கணக்குப் பேச்சுக்கே இடமில்லை; கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும் என்பதால் அதை அடைத்துவிட்டு விருந்தினரை வேறிடம் மாற்றுவதே முதல் கடமை.

தொலைபேசியில் சொல்வது என்ற இந்தச் சிறு செயலில்தான் விருந்தினரின் உரிமை பெரும்பாலும் வாழ்கிறது அல்லது சாகிறது. குறையைத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்பது ஜெர்மானிய வாடகைச் சட்டத்திலும், 2015-இன் ஐரோப்பியப் பயணத் தொகுப்பு நெறியாணையிலும் வெளிப்படையாக இருக்கிறது. தெரிவிக்காததால் சரிசெய்யும் வாய்ப்பை உரிமையாளர் இழந்திருந்தால் குறைப்பும் போய்விடக்கூடும். ஏர்பிஎன்பி நிறுவனம் 2022-இல் தன் விதிகளை மாற்றி, குறையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் முறையிட வேண்டும் என்று வைத்தது; முன்பு அது 24 மணி நேரமாக இருந்தது. முக்கியச் சாதனங்கள், மின்சாரம், சூடேற்றும் வசதி, ஏசி ஆகியவை இயங்காமை அதில் முறையிடத்தக்க குறைகளாகப் பெயர் சுட்டப்பட்டுள்ளன. திருப்பித் தரும் தொகை குறையின் கடுமையையும் பாதிக்கப்பட்ட இரவுகளையும் பொறுத்தது. இந்திய நுகர்வோர் சட்டத்தில் இத்தகைய முன்னறிவிப்பு விதி இல்லாதது விருந்தினருக்குச் சலுகை போலத் தோன்றினாலும், உண்மையில் அவருக்கே கேடு. மூன்று நாளும் பேசாதிருந்துவிட்டு ஊர் திரும்பியபின் புகார் எழுதுகிறவரிடம், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு நல்ல பதில் இருப்பதில்லை.

பெரும்பாலான பணம் கைமாறுவது சட்டத்துக்கு அஞ்சி அன்று, மதிப்புரைக்கு அஞ்சியே என்பதையும் சொல்ல வேண்டும். ஏர்பிஎன்பி மதிப்பீடுகளை ஆராய்ந்து செர்வாஸ், புரோசெர்பியோ, பையர்ஸ் ஆகிய மூவர் 2015-இல் வெளியிட்ட கட்டுரை, அங்குள்ள இடங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு நாலரை முதல் ஐந்து நட்சத்திரம் வரை பெற்றிருப்பதைக் காட்டியது. எல்லாரும் உச்சியில் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் ஒரு மூன்று நட்சத்திரம் உரிமையாளரைப் பல படிகள் கீழே தள்ளிவிடும். இதனால் 900 ரூபாய் குறைக்க வேண்டிய இடத்தில் அஞ்சி 6,000 கொடுப்பவரும் உண்டு. மதிப்புரை எழுதவே போகாத மூத்த தம்பதிக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறவரும் உண்டு. குறையின் அளவுக்கும் தொகைக்கும் தொடர்பு அறுந்துபோவதே இந்த முறையின் கோளாறு.

தாராளமாகக் கொடுத்தால் பழுதே நேராதவரைவிடப் பழுது நேர்ந்தவர் அதிகம் மகிழ்ந்து திரும்புவார் என்ற நம்பிக்கை விடுதித் தொழிலில் பரவலாக உண்டு. சேவை மீட்பு முரண் என்ற பெயரில் 1992 முதல் ஆய்வாளர்கள் விவாதித்துவரும் கருத்து இது. பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2007-இல் வெளிவந்த பகுப்பாய்வு, விருந்தினரின் அப்போதைய மனநிறைவு உயரக்கூடும் என்பதை ஏற்றது. ஆனால் அவர் மீண்டும் வருவதிலோ பிறரிடம் நல்லதாகச் சொல்வதிலோ அத்தகைய ஏற்றம் உறுதிப்படவில்லை என்றது. முறையீடுகள் பற்றி டாக்ஸ், பிரவுன், சந்திரசேகரன் ஆகியோர் 1998-இல் செய்த ஆய்வு பயனுள்ள வேறொரு பிரிப்பைத் தருகிறது: கிடைத்த தொகையின் நியாயம், அதைப் பெற நடந்த முறையின் நியாயம், பேசப்பட்ட விதத்தின் நியாயம் ஆகிய மூன்றையும் முறையிட்டவர் தனித்தனியே எடைபோடுகிறார். வாட்ஸப்பில் நாலு முறை கெஞ்சியபின் வரும் 2,000 ரூபாயையும், கேட்பதற்கு முன்பே பில்லில் கழிக்கப்பட்ட 1,000 ரூபாயையும் பெற்றவர்களைக் கேட்டால் இந்தப் பிரிப்பின் உண்மை விளங்கும்.

அடுத்த முறை வரும்போது இருபது விழுக்காடு தள்ளுபடி தருகிறோம் என்ற வழக்கமான உறுதிமொழி இந்தக் கணக்கு எதிலும் பொருந்துவதில்லை. ஊட்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிற குடும்பத்துக்கு அதன் மதிப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லை. உரிமையாளருக்கோ அது இன்னொரு முன்பதிவைத் தேடித் தரும் விளம்பரம். திருப்பித் தர வேண்டியது ஏற்கெனவே வாங்கிய விலையின் ஒரு பகுதி என்பதால் விருந்தினர் பணமாகவே கேட்கலாம், கூப்பனை ஏற்க அவருக்குக் கடமையில்லை. மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. இருந்தும் 1,800 ரூபாய்க்காக அந்தப் படியை ஏறுகிறவர்கள் அரிது. ஏறுகிறவர் மன உளைச்சலுக்கான பெருந்தொகையை முன்னால் வைக்காமல், எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, என்ன விகிதம் என்ற மூன்று எண்களையும், கீசர் நின்ற அன்று இரவே அனுப்பிய குறுஞ்செய்தியையும் முன்னால் வைத்தால், 39-ஆம் பிரிவின் முதற்சொன்ன கூறின்படி கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பச் சொல்ல ஆணையத்துக்கு வேறெதுவும் தேவைப்படாது.